போடிமெட்டுக்கு லொகேஷன் தேடி வரும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, மெட்டில் வண்டியை நிறுத்துகிறீர்கள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பள்ளத்தாக்கைச் செல்போனில் பிடிக்கிறீர்கள். பிறகு அந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, இந்தப் பக்கம் பாழடைஞ்ச பங்களா ஏதாச்சும் இருக்கா? பேய்ப்படம் பண்றோம்."

உங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டே, போடிக்கு இறங்கி இரண்டாவது ஆட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். எந்தப் படத்தை வேண்டுமானாலும் விட்டுவிடுவேன், பேய்ப்படத்தை விடமாட்டேன். எல்லையில் இருப்பதால் மலையாளப் படமும் எனக்குச் சொந்தப் படம். அந்த உரிமையில்தான் இந்த மடல். பங்களாவை அப்புறம் தேடலாம். எனக்குப் பிடித்த பேய்ப்படங்கள் ஏன் பிடித்தன என்பதை முதலில் கேளுங்கள்.

உங்களில் பலர் பனியை நம்பி வருகிறீர்கள். வெள்ளையாக இறங்கியதும் கேமராவை வைத்தால் பயம் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். எங்களுக்குப் பனி என்பது விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடித்து, வளைவில் எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்கிற வேலை. பாலு மகேந்திரா 1980இல் எடுத்த 'மூடுபனி'யை மறுபடி பாருங்கள். தலைப்பிலேயே பனி இருக்கிறது, கதை ஊட்டிக்கும் போகிறது. ஆனாலும் அந்தப் படத்தின் மூட்டம் பிரதாப் போத்தனின் முகத்துக்குள்தான். தன்னிடம் சிக்கிய பெண்ணை அவன் அன்பாகப் பார்க்கும்போதுதான் நமக்கு நடுக்கம் எடுக்கிறது. இளையராஜாவுக்கு அது நூறாவது படம்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1978இல், 'சிகப்பு ரோஜாக்கள்'. பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். இந்த மலைக்குக் கீழே கிடக்கிற சமவெளிதான் இரண்டு பேருக்கும் ஊர். முதல் இரண்டு படங்களிலும் கிராமத்தைக் காட்டிய பாரதிராஜா, மூன்றாவது படத்தில் சென்னையின் ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்துக்குள் போய், ரோஜாச் செடிகளுக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று காட்டினார். அதில் பேயே கிடையாது. ஆனாலும் என் பட்டியலில் இருக்கிறது. வெளியே பூவும் உள்ளே பிணமுமாக ஒரு வீடு நம் ஊரிலும் இருக்க முடியும் என்று நம்ப வைத்த படம் அது. கிராமத்து மனிதன் நகரத்தைப் பார்த்த பயமும் அதில் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பேய் என்று சொல்லிக்கொண்டு வந்த பழைய தமிழ்ப் படங்களில் பாதி, கடைசி ரீலில் பேய் இல்லை என்று சொல்லிவிடும். 1966இல் வந்த 'யார் நீ?' அப்படித்தான். இந்தியில் வந்த 'வோ கௌன் தீ'யின் தமிழ் வடிவம். மழை இரவு, சாலையில் வெள்ளைச் சேலையில் ஜெயலலிதா, காருக்குள் ஜெய்சங்கர். முடிவில் எல்லாம் சொத்துக்காகப் போட்ட நாடகம். எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. ஒரு மனிதனைப் பைத்தியமாக்கச் சொந்தக்காரன் எவ்வளவு தூரம் போவான் என்பதும் பயம்தான். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) இன்னும் ஒரு படி மேலே. மகன் காதலித்த ஏழைப் பெண்ணைச் சுட்டுக் கொன்ற ஜமீன்தார், அடுத்த ஜென்மத்திலும் அந்தக் காதலைத் தடுக்கக் கிழப்பருவம் தாண்டியும் சாகாமல் காத்திருக்கிறார். நம்பியார் அந்த வேஷத்தில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். சாதியும் அந்தஸ்தும் ஒரு ஆளைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன. அதைவிடப் பெரிய பேய் எது?

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட், மறு வருடமே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் தன் சிறுகதையை வைத்துத் தானே திரைக்கதை எழுதினார். பேய்ப்படம் எடுக்க நினைக்கிற யாரும் இதைப் பார்க்காமல் ஒரு ஷாட்கூட வைக்கக் கூடாது என்பேன். ஒரு எழுத்தாளன் ஆளில்லாத வீட்டை வாடகைக்கு எடுக்கிறான். கிணற்றில் விழுந்து செத்த பார்கவி அங்கே இருக்கிறாள் என்று ஊரே சொல்கிறது. அவன் ஓடவில்லை, மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவளிடம் பேச ஆரம்பிக்கிறான். உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், தொந்தரவு செய்யமாட்டேன், என்னையும் இருக்க விடு என்கிற தொனியில், கூடக் குடியிருக்கும் பெண்ணிடம் பேசுகிற மாதிரி. பிறகு அவளுக்கு என்ன நடந்தது என்று விசாரித்து, அதை எழுதி, எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டுகிறான். அவள் தற்கொலை செய்யவில்லை, கொல்லப்பட்டாள் என்பது அந்த எழுத்தில்தான் வெளியே வருகிறது. ஜப்பானில் 'ரிங்' படத்தின் சடாகோ கிணற்றிலிருந்து ஏறி வந்து உலகத்தையே மிரட்டியது 1998இல். அதற்கு 34 வருடம் முன்பே நம் பக்கத்தில் ஒருத்தி கிணற்றடியில் நின்று, தன் கதையைக் கேட்கிற ஒரு மனிதனுக்காகக் காத்திருந்தாள்.

பேய்ப்படத்தில் நான் தேடுவது இதைத்தான். அவள் யார், அவளுக்கு என்ன செய்தார்கள் என்பதில் இயக்குநருக்கு அக்கறை இருக்க வேண்டும். அந்த அக்கறை இருந்தால் பயம் வரும். இல்லாத படத்தில் வருவது அதிர்ச்சி மட்டும்தான், பாப்கார்ன் தீர்வதற்குள் அதுவும் தீர்ந்துவிடும்.

இப்போது 'மணிச்சித்திரத்தாழு'க்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. 1993 டிசம்பரில் வந்தது, பாசில் இயக்கியது, மது முட்டம் எழுதியது. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. கதை உங்களுக்குத் தெரியும்: பூட்டிய அறையைத் திறக்கும் கங்கா, அந்த அறையில் வாழ்ந்து செத்த நாகவல்லியாக மாறுகிறாள். இதிலும் பேய் இல்லை, மனநோய்தான். ஆனால் அந்த நோய் ஏன் இவளைப் பிடித்தது என்பதற்குப் படம் விடை தருகிறது. சிறுவயதில் அப்பா அம்மா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனதால் தனியாகப் போன பிள்ளை அவள். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு துணை அவளைக் கூப்பிடுகிறது, அவளும் போகிறாள். கணவன் 'இப்போது வெளியே போக வேண்டாம்' என்றதும் அந்த முகம் மாறுவதைக் கவனியுங்கள். முகத்தில் மாவு பூசவில்லை, கண்ணில் வெள்ளை லென்ஸ் வைக்கவில்லை. குரல் திரும்புகிறது, கண் திரும்புகிறது, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் காட்சி வரும்போது என் உள்ளங்கை வியர்க்கிறது.

எல்லையில் நின்று பார்க்கிற எனக்கு அந்தப் படத்தில் இன்னொன்று தைத்தது. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மலையாளத் தறவாட்டுக்குள் அவள் தமிழில் பேசுகிறாள், தமிழில் பாடுகிறாள், தமிழில் பழி கேட்கிறாள். இதே கதையை 2005இல் பி. வாசு தமிழில் 'சந்திரமுகி'யாக எடுத்தபோது, அந்த நடனக்காரி ஆந்திராவிலிருந்து வந்தவளாகி, ஜோதிகா தெலுங்கில் சீறினார். எந்த ஊரில் எடுத்தாலும் அவள் வேற்றூர்க்காரி. அதிகாரமுள்ள ஒருவன் பக்கத்துச் சீமையிலிருந்து கொண்டுவந்து தன் வீட்டில் அடைத்தான், அவள் மனசு கேட்ட ஆளை அழித்தான், அவளையும் கொன்றான். அவளுக்காகப் பேச அந்த ஊரில் ஒரு நாதி இல்லை. அதனால்தான் அவள் போகவே இல்லை. 'சந்திரமுகி'யில் அவளைக் கொன்ற வேட்டையனாக ரஜினி சிரித்த சிரிப்பை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நானும் ரசித்தேன். ஆனால் படம் அவனுடையது அல்ல, அவளுடையது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 நமக்கு நல்ல வருடம். விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' பட்டப்பகலில், வெளிச்சமான அடுக்குமாடி வீட்டில், பெண்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் பயத்தைக் கொண்டுவந்து வைத்தது. பால் திரிகிறது, லிஃப்ட் நாயகனுக்கு மட்டும் நகரமாட்டேன் என்கிறது, அவ்வளவிலேயே வயிறு கலங்கியது. அறிவழகனின் 'ஈரம்' படத்தில் தண்ணீரே பழிவாங்குகிறது. கணவன் மனைவியைச் சந்தேகப்பட்டுக் கொன்றான், ஆனால் அந்தச் சந்தேகத்தை வளர்த்துவிட்டது அக்கம்பக்கத்து வாய்கள். ஆளைக் கொல்லும் வதந்தியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய தமிழ்ப்படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) ஒரு டார்ச் விளக்கையும் விஜய் சேதுபதியின் மூச்சையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டை நிரப்பியது. காசில்லை என்று சொல்கிற தம்பிகள் அந்த டார்ச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிஷ்கினின் 'பிசாசு' (2014) எனக்குத் தமிழில் மிகப் பிடித்தது. விபத்தில் அடிபட்ட பெண் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் கையைப் பிடித்தபடி சாகிறாள், அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். அவன் குடிக்கும் பாட்டிலைப் பறிக்கிற பேய் அது. அவளை இடித்தது யார் என்று தெரியும் இடத்தில் தியேட்டரே அமைதியானது. மன்னிக்கிற பேயை நம் சினிமாவில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த 2014இல்தான் இன்னொரு பக்கம் கதவு திறந்தது. பேய்க்குப் பயந்து நகைச்சுவை நடிகர்கள் வீட்டைச் சுற்றி ஓடும் படங்கள் வரிசையாக வந்தன. இதற்கு ராகவா லாரன்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011இல் அவர் எடுத்த 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையாக வந்து நிற்கும் அந்தப் பகுதியை மறுபடி பாருங்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைப் படிக்க வைத்து, நிலத்துக்காகக் கொல்லப்படுகிற ஒரு உயிர். முழுக் குடும்பமும் உட்கார்ந்து பார்க்கும் வணிகப் படத்தில் அந்த மரியாதை கிடைத்தது பெரிய காரியம். பின்னால் வந்தவர்கள் அந்த மரியாதையை விட்டுவிட்டு அறை வாங்கும் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். செத்தவளின் கதை கடைசியில் பத்து நிமிஷ ஃபிளாஷ்பேக்காகச் சுருங்கியது. கற்பழிப்பும் கொலையும் நடந்த வீட்டில், மறு காட்சியிலேயே ஒருவர் வேட்டி அவிழ்ந்து ஓடுவதற்குச் சிரிக்கச் சொன்னால் என்னால் முடியவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம்.

நீங்கள் கேட்கிற துரை பங்களா தேயிலை மலையின் சங்கதி. ஏலமலையில் வீட்டைவிட முக்கியமான கட்டடம் ஸ்டோர். பறித்த காயைக் கழுவி, ட்ரையரில் பரப்பி, இரவு முழுக்கச் சூடு ஏறாமலும் இறங்காமலும் காக்க வேண்டும். ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின். கவனம் தப்பினால் பச்சை வெளுத்துவிடும், வெளுத்த காய்க்கு ஏலத்தில் விலை கிடையாது. அதனால் ஒரு ஆள் தூங்காமல் இருப்பான். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர், உள்ளே ஏலவாசனை அடைத்த வெக்கை, தகரக் கூரையில் இலைச்சொட்டு. நடு ஜாமத்தில் மனித வாசனை தெரியாத அளவுக்கு மூக்கில் காய்வாசனை ஏறியிருக்கும். பின்னால் யாராவது வந்து நின்றால் முதலில் தெரிவது சூடு குறைவதுதான், ஏனென்றால் கதவு திறந்திருக்கிறது. இதைவிட உங்களுக்கு என்ன பங்களா வேண்டும்?

ஜீப்பைப் பாருங்கள். விடியும் முன்பே போடியிலிருந்து கிளம்பி, பெண்கள் நெருக்கியடித்து உட்கார, இந்த வளைவுகளில் ஏறி, செக்போஸ்ட் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று மலையாளக் கரைத் தோட்டங்களுக்குப் போகிறது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூருக்குப் பக்கத்தில் தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தே எடுக்க வேண்டும். தலைக்கு மேல் நிழல்மரம், காலில் அட்டை, பத்தடி தள்ளி இருப்பவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள், பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு குரல் நின்றுபோனால்? காலையில் ஏறிய தலைகளும் மாலையில் இறங்கிய தலைகளும் ஒத்துப்போகாமல், கணக்குக் கேட்க யாரும் இல்லாமல் போனால்? நாகவல்லியைப் போலவே எல்லை தாண்டி வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருத்தி, அவளுக்காகப் பேச ஆளில்லாத கரையில் காணாமல் போகிறாள். இது என் கற்பனைதான், யாருக்கும் நடந்ததைச் சொல்லவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பங்கு வேண்டாம்.

கூலியாளின் பயத்தைப் பேய்ப்படமாக்குவது முடியாத காரியம் இல்லை. 2024இல் வந்த 'பிரம்மயுகம்' இப்படி ஒரு படம்தான். ராகுல் சதாசிவன் முழுப்படத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அடிமைப் பிழைப்பிலிருந்து தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் ஒரு பாழ்மனைக்குள் நுழைகிறான். மம்மூட்டியின் கொடுமண் போற்றி அவனுக்குச் சோறு போட்டு, பிறகு தாயம் ஆடக் கூப்பிட்டு, பணயமாக அவனுடைய காலத்தையே வைக்கச் சொல்கிறார். தோற்றவன் அந்த வாசலைத் தாண்ட முடியாது. முன்பணம் வாங்கிவிட்டு அடைக்க முடியாமல் தவிக்கிற எந்தக் கூலியாளுக்கும் அந்தத் தாயம் புரியும். பேயின் பல்லைக் காட்டாமலே, யஜமானின் திண்ணையைக் காட்டிப் பயமுறுத்திய படம்.

நம் தமிழிலோ, இதே மலையைப் பற்றி லெனின் பாரதி 2018இல் எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இருக்கிறது. அது பேய்ப்படம் இல்லை. ஆனால் துண்டு நிலம் வாங்கக் கனவு கண்ட ரங்கசாமி, கடைசியில் அதே நிலத்தில் சுற்றும் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்க, கேமரா மேலே மேலே போகிற அந்தக் கடைசிக் காட்சியைப் போல என்னை நடுங்க வைத்தது எதுவுமில்லை. இங்கே வருவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். மலையில் யார் நடக்கிறார்கள் என்று தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலையேற வந்த பிள்ளைகள். தீக்காயத்தோடு கிடந்தவர்களைத் தூக்கி இறக்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதில் 70 பேர், அவர்களில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளிகள். இந்த இரண்டையும் கதைக்கு எடுக்காதீர்கள். 'அந்தத் தீயில் செத்தவள் இப்போது பேயாகச் சுற்றுகிறாள்' என்று ஒருவர் என்னிடமே கதை சொன்னார். அவர்களுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள். அவர்களுடைய துக்கத்தை டிரைலராக வெட்டக் கூடாது. யானையையும் பேயாக்காதீர்கள். சின்னக்கானலில் அரிசி தேடி வீடுகளுக்கு வந்த அரிக்கொம்பனை 2023இல் பிடித்துப் பெரியாறு காட்டில் விட, அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றதை நாங்கள் பார்த்தோம். அதன் காட்டில் நாம் வீடு கட்டியிருக்கிறோம் என்பதே போதுமான கதை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் படங்களில் கதவு திறந்தால் இடி விழுகிறது, பூனை குதித்தால் இடி விழுகிறது. ஒரு இரவு ஸ்டோர் பக்கம் வந்து உட்கார்ந்து காதை மட்டும் திறந்து வையுங்கள். இலையிலிருந்து இலைக்கு நீர் இறங்கும் சத்தம், தூரத்து வளைவில் லாரி கியர் மாற்றும் சத்தம், பிறகு எதுவுமே இல்லாத ஒரு நேரம். அந்த இல்லாத நேரத்தைப் படத்தில் அப்படியே வைக்கத் தைரியம் உள்ளவர் யாரோ, அவர்தான் அடுத்த நல்ல பேய்ப்படத்தை எடுப்பார்.

வாருங்கள். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள், கோடையில் காட்டோரம் நெருப்பு மூட்டாதீர்கள், புகை வேண்டுமென்றால் பனிக்குக் காத்திருங்கள். காய் எடுக்கும் பெண்களைப் பின்னணியில் நடக்கவிடாமல் வசனம் பேச விடுங்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற எங்கள் பேச்சை டப்பிங்கில் சுத்தம் செய்துவிடாதீர்கள். டைட்டிலில் அவர்கள் பெயரையும் போடுங்கள். படம் முடிந்ததும் முதல் காட்சியைப் போடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுங்கள். மற்ற நாட்களில் விடியும் முன் ஜீப் ஏற வேண்டியவர்களால் அன்றைக்குத்தான் வர முடியும்.

அன்புடன்,
போடிமெட்டிலிருந்து ஒரு ரசிகன்